வெந்நீருக்கும் ஜாதகம் உண்டு

ஜப்பானிய வெந்நீரூற்று விடுதிகளில், குளிக்கப் போகும் முன் உடை மாற்ற ஓர் அறை இருக்கும். துணி வைக்கும் கூடைகளுக்கு மேலே, சுவரில், சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்கும். முழுக்க எண்கள். குளிக்கிற அவசரத்தில் அதை நின்று படிப்பவர்கள் குறைவு. ‘ஓன்சென் புன்செகிஷோ’ என்று பெயர். ஊற்று நீரின் பகுப்பாய்வு அறிக்கை. நம் வழக்கில் சொன்னால், அந்தத் தண்ணீரின் ஜாதகம். எந்த ஊற்றில் பிறந்தது, பிறக்கும்போது எவ்வளவு சூடு, அமிலமா காரமா, ஒரு கிலோ நீரில் எந்த உப்பு எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் அதில் இருக்கும். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கணிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

மலையில் இரண்டு நாள் தங்க ரியோகான், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி, தேடுகிறவர்கள் இந்தக் காகிதத்தைப் பார்ப்பதில்லை. பனிக்கு நடுவே ஆவி பறக்கும் திறந்தவெளித் தொட்டியின் படத்தைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பாய் விரித்த அறையும், யுகாதா உடையும், அடுக்கடுக்காக வரும் இரவுச் சாப்பாடும் அநேகமாக எல்லா ரியோகானிலும் கிடைக்கும். விடுதிக்கு விடுதி உண்மையில் மாறுவது தண்ணீர்தான். அதைப் படத்தில் பிடிக்க முடியாது.

ஓன்சென், அதாவது வெந்நீரூற்று, என்றால் என்ன என்று 1948-ல் வந்த சட்டம் வரையறுத்திருக்கிறது. கொஞ்சம் தாராளமான வரையறை. நிலத்தடியிலிருந்து வெளிவரும்போது 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அந்தச் சூடு இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவுக்குக் கரைந்திருந்தால் அதுவும் ஓன்சென்தான். இந்தக் கணக்குப்படி சென்னையில் பல வீட்டு போர்வெல் தண்ணீரே தேறிவிடும்! ஆகவே ‘இயற்கை ஓன்சென்’ என்ற பலகையை மட்டும் நம்பி மலையேற வேண்டியதில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது? ஜப்பானில் 111 செயல்படும் எரிமலைகள் உள்ளன. மழையும் பனியும் மலைக்குள் இறங்கி, பாறைக் குழம்பின் சூட்டில் காய்ந்து, அதன் வாயுக்களையும் வாங்கிக்கொண்டு மேலே வருவது ஒரு வகை. இன்னொரு வகைக்கு எரிமலையே தேவையில்லை. பூமிக்குள் 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 3 டிகிரி சூடு கூடும். 1,000 மீட்டர் துளை போட்டால் 30 டிகிரி. டோக்கியோவின் நடுவில்கூட ஓன்சென் கிடைப்பது இப்படித்தான். கோபே நகருக்குப் பின்னால் மலையில் இருக்கும் அரிமா இந்த இரண்டிலும் சேராதது. அருகில் எரிமலை கிடையாது. ஆனாலும் நீர் கொதிநிலையை ஒட்டி வருகிறது, கடலைவிட உப்புக் கரிக்கிறது. பிலிப்பைன்ஸ் கடல் தட்டு ஜப்பானுக்கு அடியில் செருகிக்கொண்டு போகும்போது, பாறைக் கனிமங்களுக்குள் சிறைப்பட்டிருந்த நீர் பிழிந்து வெளியேறுகிறது. அதுதான் அரிமாவில் மேலே வருகிறது என்பது புவியியலாளர்களின் விளக்கம்.

அரிமாவின் ‘பொன் ஊற்று’ தொட்டியில் செம்மண் கரைத்தது போல இருக்கும். ஆனால் பூமியை விட்டு வெளிவரும் கணத்தில் அது தெளிந்த நீர். கரைந்திருக்கும் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தொட்டதும் துருவாக மாறுவதால்தான் அந்த நிறம். அகிதா மாகாணத்து நியூட்டோ மலையில் பால் போன்ற வெந்நீரைப் பார்த்து மயங்குகிறோமே, அதுவும் இதே கதைதான். ஹைட்ரஜன் சல்பைடு வாயு கரைந்த தெளிந்த நீர் காற்றுப் பட்டதும், கந்தகம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பிரிகிறது. அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தண்ணீர் வெளுக்கிறது. துகள்கள் மிகச் சிறியதாக இருக்கும்போது இளநீலமாகவும் தெரியும். அதாவது, நிறம் என்பது தண்ணீரின் வயது. பூமியை விட்டு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

வெண்மைக்கு இருந்த மவுசு ஒரு வம்பிலும் கொண்டுபோய் விட்டது. நாகானோ மலையில் உள்ள ஷிராஹோனே பால்வெள்ளைத் தண்ணீருக்குப் பேர்போன ஊர். 2004-ல் அங்கே சில குளியல் இடங்களில் நிறத்துக்காகக் குளியல் பொடி கலந்தது அம்பலமாகி நாடே கொதித்தது. மறு ஆண்டே விதி மாறியது: தண்ணீர் சேர்க்கிறோமா, சூடேற்றுகிறோமா, பழைய நீரையே சுழற்றுகிறோமா, பொடியோ கிருமிநாசினியோ போடுகிறோமா, ஏன் என்று விடுதிகள் எழுதி ஒட்ட வேண்டும். ஜாதகத்துக்குப் பக்கத்தில் இந்த அறிவிப்பும் இருக்கும். என்னைக் கேட்டால், ஜாதகத்தைவிட முக்கியமானது இதுதான். ஜாதகம் ஊற்றில் பிறந்த தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது. இது நீங்கள் இறங்கப்போகும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது.

‘கென்சென் காகெநாகாஷி’ என்ற சொல்லை விடுதி விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கலாம். ஊற்று நீர் ஒரு பக்கம் விழுந்து, தொட்டி நிறைந்து, விளிம்பில் வழிந்து அப்படியே போய்விடும், திரும்பி வராது. கேட்க எளிது, நடத்துவது கடினம். 60 டிகிரியில் வரும் நீரைத் தொட்டியில் 42 டிகிரியில் நிறுத்த வேண்டும். திறந்தவெளித் தொட்டி ஆவியாகவும் காற்றிலும் ஓயாமல் சூட்டை இழக்கிறது. பனி கொட்டும் இரவில் ஒரு வேகம், கோடைப் பகலில் வேறு வேகம். இழக்கும் சூடும் உள்ளே வரும் சூடும் சரிக்குச் சரியாக இருக்கும்படி நீர்வரத்தைக் கூட்டிக் குறைப்பவருக்கு ‘யுமோரி’ என்று பெயர். வெந்நீர்க் காவலர் என்று சொல்லலாம்.

பச்சைத் தண்ணீர் கலந்தால் எளிதாக ஆறிவிடுமே? ஆறும், உப்பும் வாயுவும் நீர்த்தும் போகும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் குசாத்சு இதற்குக் கண்டுபிடித்த வழிகள் அழகானவை. ஊர் நடுவே ‘யுபதாகே’, அதாவது வெந்நீர் வயல். 50 டிகிரிக்கு மேல் சூடான நீர் நீண்ட மரக் கால்வாய்களில் பரவி ஓடி ஆறுகிறது. குளியல் கூடத்தில் நீளமான பலகைகளால் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீரைக் கிளறி ஆற்றுவது ‘யுமோமி’. நாம் டீயை ஆற்றுவது போல, காற்றோடு சேரும் பரப்பைக் கூட்டி, ஒரு சொட்டும் சேர்க்காமல் சூட்டை இறக்குகிறார்கள்.

இங்கேதான் ஒரு கணக்கு உதவும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 3,000 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 50 லிட்டர் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு தொட்டி அளவு புது நீர் வந்துவிடும். அதே ஊற்றைப் பத்து மடங்கு பெரிய கூடத்துக்குத் திருப்பினால் பத்து மணி நேரம் ஆகும். எனவே ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன விடுதியின் இருண்ட, சின்ன மரத் தொட்டி, பெரிய ஹோட்டலின் பளிங்குக் குளத்தை ஜெயித்துவிடக்கூடும். கரியமில வாயு குமிழியிடும் ஊற்றுகளுக்கு இது இன்னும் பொருந்தும்; சூடேற்றினாலோ தேக்கி வைத்தாலோ, திறந்த சோடா போல வாயு போய்விடும்.

நீரைச் சுழற்றுவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஊற்று சிறுத்த இடத்தில் வேறு வழியில்லை. வடிகட்டி, குளோரின் போட்டு ஒழுங்காகப் பராமரித்தால் ஆபத்தில்லை. பராமரிப்பு தவறினால் வெதுவெதுப்பான குழாய்களில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி பெருகும். 2002-ல் மியாசாகி மாகாணத்துக் குளியல் கூடம் ஒன்றில் இதனால் 7 பேர் இறந்தார்கள்.

ஜாதகத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது, நீர் அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். எண். குசாத்சுவில் அது சுமார் 2, எலுமிச்சைச் சாறு மாதிரி. அகிதாவின் தமகாவாவில் 1.2. குசாத்சுவிலிருந்து ஓடும் ஆறு மீனை வாழவிடாமல், கான்கிரீட்டை அரித்ததால், 1964 முதல் ஆற்றில் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு அமிலமான ஊற்று நீரில் கிருமிகள் பிழைப்பது கடினம். மென்மையான தோலும் எரியும். குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்வது நல்லது. 8.5-க்கு மேல் போனால் காரம். தோலின் எண்ணெயோடு சேர்ந்து லேசாகச் சோப்பாகும். ‘அழகியர் வெந்நீர்’ என்று விற்கப்படும் வழவழப்பின் ரகசியம் அதுதான். வறண்ட தோல்காரர்கள் அங்கே நீண்ட நேரம் ஊறாமல் இருக்கலாம். உப்பு ஊற்றுகளில் குளித்தால் தோலில் படியும் உப்பு வியர்வை ஆவியாவதைத் தடுக்கும், வெகுநேரம் குளிராது. பனிக்காலப் பயணத்துக்கு என் ஓட்டு இதற்கே.

கந்தக ஊற்று என்று போட்டிருந்தால் கொலுசையும் மெட்டியையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், வெள்ளி கறுத்துவிடும். சன்னல் திறந்திருந்தால் குளிருகிறது என்று சாத்தவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமான நச்சு வாயு, தாழ்வான இடத்தில் தேங்கும். சைவக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்: வெறும் காய்கறிக் குழம்பு போலத் தெரிவதிலும் பெரும்பாலும் மீன் வேகவைத்த சாறு இருக்கும்.

இந்த ஊற்று அந்த நோயைத் தீர்க்கும் என்ற பட்டியலும் சுவரில் இருக்கும். நான் அதைக் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். உடம்பு இளகுவதில் பெரும் பங்கு எந்த வெந்நீரிலும் இருக்கும் மூன்று விஷயங்களுக்கு: சூடு ரத்தக் குழாய்களை விரிக்கிறது, நீரின் அழுத்தம் கால் ரத்தத்தை மேலே தள்ளுகிறது, கழுத்தளவு நீரில் உடல் எடை பத்தில் ஒரு பங்காகத் தோன்றுகிறது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றுவதும் இதனால்தான்; குடித்துவிட்டு இறங்குவது ஆபத்தாவதும் இதனால்தான்.

தூங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு கடைசிக் குளியலை வைத்துக்கொள்ளுங்கள். விரிந்த குழாய்கள் கை கால் வழியே சூட்டை வெளியே விட, உடம்பின் உட்சூடு மெல்ல இறங்கும். தூக்கத்துக்கு உடம்பு காத்திருக்கும் சமிக்ஞை அந்த இறக்கம்தான். நீங்கள் சாப்பிடப் போன நேரத்திலேயே அறையில் பாய்மேல் மெத்தையை விரித்து வைத்திருப்பார்கள்.