கண்ணாடிக்கு விட்ட இடம்

குவியத் தூரம் 28 மி.மீ. உள்ள பழைய லென்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டால் ஒரு விஷயம் இடிக்கும். பள்ளிக்கூடப் பாடத்தின்படி, தூரத்துப் பொருளின் பிம்பம் லென்ஸுக்கு 28 மி.மீ. பின்னால் விழ வேண்டும். ஆனால் எஸ்எல்ஆர் கேமராவில் (லென்ஸ் வழியே வரும் காட்சியையே கண்ணாடியால் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் வகை) மாட்டிப் பார்த்தால், லென்ஸின் கடைசிச் சில்லுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 35 மி.மீட்டருக்கு மேல் வெறும் காற்றுதான் இருக்கும். அப்படியும் பிம்பம் கச்சிதமாக விழுகிறது. எப்படி?

முதலில், அந்தக் காற்று ஏன்? ஃபிலிமுக்கு முன்னால் சாய்வாக நிற்கும், முகம் பார்ப்பது போன்ற கண்ணாடிக்காக. அதுதான் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் சட்டென்று மேலே எழுந்து ஒளிக்கு வழி விடுகிறது. அது எழுந்து படுக்க இடம் வேண்டும். எம்42 என்ற திருகு மவுன்ட்டில் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்), லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. 50 மி.மீ. லென்ஸுக்கு இதில் சிக்கல் இல்லை. 28-ஐ அதன் இயல்பான இடத்தில் வைத்தால் கண்ணாடி அதன் மேல் மோதும்.

இதற்குக் கண்ட வழி, முன்னால் ஒரு குழிலென்ஸை வைப்பது. வாசற்கதவில் வெளியே யார் என்று பார்க்க ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்களே, அதிலும் வெளிப்பக்கம் இருப்பது குழிலென்ஸ்தான். அகலமான காட்சியைச் சுருக்கி உள்ளே அனுப்புகிறது. கேமரா லென்ஸிலும் அதே வேலை: வரும் ஒளிக்கற்றையை முன்சில்லு கொஞ்சம் விரிக்கிறது, பின்னாலிருக்கும் குவிலென்ஸ் கூட்டம் அதை மறுபடி குவிக்கிறது. விரிந்த கற்றை குவியக் கூடுதல் தூரம் பிடிக்கும். ஆகவே பிம்பம் தள்ளிப்போய் விழுகிறது. குவியத் தூரம் 28 ஆகவே இருக்கிறது. கண்ணாடிக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸைத் திருப்பிப் போட்டது போன்ற அமைப்பு இது.

யோசனை எஸ்எல்ஆருக்காகப் பிறந்ததல்ல. 1930களில் டெக்னிகலர் சினிமா கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒளியைப் பிரிக்கும் பட்டகம் இருந்தது. அதற்கு இடம்விட இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனம் இதே வழியைப் பிடித்தது. புகைப்படக்காரர்களிடம் அதைக் கொண்டுபோனவர் பிரான்ஸின் பியர் ஆன்ஷெனியூ. 1950இல் வந்த தன் 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸுக்கு ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று பெயர் வைத்தார். ஜெராக்ஸ் மாதிரிதான், ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு வைத்த பெயர் அந்த வகைக்கே பெயராகிவிட்டது.

கிழக்கு ஜெர்மனியின் ஃப்ளெக்டகான், சோவியத்தின் மிர்-1 எல்லாம் இந்தக் குடும்பம்தான். மிர்-1 ஒரு 37 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பெரும்பரிசு வாங்கியது. அந்தப் பெருமையைப் பல பிரதிகளின் முன்வளையத்திலேயே பொறித்துவைத்தார்கள். அதில் ஒளி புகும் திறப்பான அபெர்ச்சருக்கு (எஃப் எண் அதன் அளவைச் சொல்லும்) இரண்டு வளையம். ஒன்றில் எண்ணை முன்பே வைத்துக்கொண்டு, முழுத் திறப்பில் ஃபோகஸ் பார்த்துவிட்டு, மற்றதைக் கண் எடுக்காமலே திருகி மூட வேண்டும். பழகும்வரை எரிச்சல். பழகினால் விடமாட்டீர்கள்.

சரி, இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. சோனியின் இ மவுன்ட்டில் விளிம்புக்கும் சென்சாருக்கும் 18 மி.மீ.தான். எம்42 லென்ஸை அதில் மாட்ட வாங்கும் அடாப்டர், உள்ளே ஒரு சில்லுகூட இல்லாத 27.46 மி.மீ. வெற்றுக் குழாய். அதாவது, இல்லாத கண்ணாடியின் இடத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்!

ஆனால் அந்த இடத்தால் ஒரு லாபமும் உண்டு. கண்ணாடியே இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குச் செய்த அகலக்கோண லென்ஸ்கள் ஃபிலிமை ஒட்டி உட்கார்ந்தன. அவற்றின் ஒளி ஓரங்களில் மிகவும் சாய்ந்து விழும். ஃபிலிம் பொறுத்துக்கொண்டது, மேலே கண்ணாடித் தகடு மூடிய சென்சார் பொறுப்பதில்லை, ஓரங்கள் குழம்பி நிறம் மாறும். எஸ்எல்ஆர் லென்ஸ் தள்ளி நிற்பதால் ஒளி அவ்வளவு சாயாது. விலை குறைந்த எஸ்எல்ஆர் லென்ஸ்தான் இங்கே ஜெயிக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் வெளுக்கும்; முழுத் திறப்பில் மூலைகள் மங்கும்; எஃப்/8இல் பெரும்பாலும் தேறிவிடும். ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் மாட்டினால் 28 என்பது 42 போலக் காட்டும், அகலம் போய்விடும். வாங்கும்போது பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என்னைப் படுத்தியது அடாப்டர். ஒரு கல்யாணத்தில் 28 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை தெளிவு என்று காட்டும் ஆழ அளவுகோலில் முடிவிலிக் குறியை 8க்கு நேராக நிறுத்தினேன். சுமார் 1.65 மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் முகம் மட்டும் படத்துக்குப் படம் மங்கல்.

தூரத்து ஃபோகஸ் கட்டாயம் கிடைக்கட்டும் என்று பல அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு இழை குட்டையாகக் கடைகிறார்கள். 0.1 மி.மீ. குறைந்தால் என்ன ஆகும்? குவியத் தூரத்தின் வர்க்கத்தை, அதாவது 784ஐ, 0.1ஆல் வகுத்தால் 7,840 மி.மீ. லென்ஸின் 8 மீட்டர் குறிதான் இப்போது உண்மையான முடிவிலி. தெளிவு தொடங்கும் எல்லை 2 மீட்டருக்குத் தள்ளிப்போய்விட்டது. இதே பிழை 135 மி.மீ. லென்ஸில் 182 மீட்டர் குறிக்குச் சமம். யாருக்கும் தெரியவே தெரியாது. லென்ஸ் அகலமாக ஆக, அடாப்டரின் முடியளவுப் பிசகும் பெரிதாகிவிடுகிறது.

வியூஃபைண்டரில் கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. அகலக்கோணத்தில் எல்லாமே தெளிவாக இருப்பது போலத் தோன்றும். தூரத்து செல்ஃபோன் கோபுரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்தேன். அப்புறம்தான் வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது நெயில் பாலிஷால் ஒரு வெள்ளைப் புள்ளி. முடிவிலிக் குறியை நான் திரும்பிப் பார்ப்பதேயில்லை.