60 மி.மீ. லென்ஸா, 105 மி.மீ. லென்ஸா?

கடலடியில் சிறு உயிரினங்களை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ படப்பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டு லென்ஸும் 1:1 அளவில், அதாவது பொருளின் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்படி, படம் தருபவை. வேறுபாடு தூரத்தில் இருக்கிறது. அந்த அளவில் எடுக்கும்போது 60 மி.மீ. லென்ஸின் முனைக்கும் உயிரினத்துக்கும் நடுவே சுமார் 5 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், 105 மி.மீ. என்றால் ஏறக்குறைய 15. கேமராவின் நீர்புகா உறையில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் போர்ட் கண்ணாடி அதிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடும்.

இந்தோனேசியாவின் லெம்பே நீரிணைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குறுங்கடல்குதிரையைத் தேடித்தான் போகிறார்கள். அது 2 சென்டிமீட்டர் அளவே இருக்கும். உடல் முழுக்க அது வாழும் விசிறிப் பவளத்தின் மொட்டுகளைப் போலவே முண்டுகள். 1969-இல் நியூ கலிடோனியாவில் மீன்காட்சியகத்துக்காகப் பவளம் சேகரித்த பர்கிபான் என்பவர், பவளத்தைக் கரைக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தபோதுதான் இப்படியொரு மீன் இருப்பதே தெரிந்தது! 60 மி.மீ. லென்ஸுடன் இதை நெருங்கினால் போர்ட் பவளக் கிளையில் இடிக்கும். கடல்குதிரையோ முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். உடனே சிலர் வழிகாட்டியைப் பார்க்கிறார்கள்; அவர் குச்சியால் அதை மெல்லத் திருப்பிவிடுகிறார். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மணலில் ஊன்றி நிற்கத்தான் அந்தக் குச்சி.

ஆகவே சிறியதற்கும் மிரள்வதற்கும் 105. நீர் கலங்கியிருந்தாலோ, தவளைமீன் போலக் கையளவு மீன் அசையாமல் உட்கார்ந்திருந்தாலோ 60 நல்லது. நடுவில் நீர் குறையக் குறைய மிதக்கும் துகள்கள் ஸ்ட்ரோப் எனும் நீரடி ஃபிளாஷின் ஒளியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதும் குறையும், நிறமும் தேறும்.

போர்ட் தட்டையாக இருக்கட்டும். ஒளிவிலகலால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மேக்ரோவுக்கு அது இலவச லாபம். லென்ஸின் ஒளித்துளையை எஃப்/11-இல் தொடங்குங்கள். துளையை இன்னும் சுருக்கி எஃப்/22-க்குப் போனால் குவியத்தின் ஆழம் கூடும், ஆனால் சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் மழுங்கும். போர்ட்டுக்கு முன்னால் மாட்டும் உருப்பெருக்கி லென்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதில் குவியம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது.

தானியங்கிக் குவியம் நீருக்குள் முன்னும் பின்னும் அலையும். வேண்டிய அளவுக்குக் குவியத்தைப் பூட்டிவிட்டு, உடலை மெல்ல முன்னே நகர்த்திக் கண் கூர்மையாகும் கணத்தில் பொத்தானை அழுத்துவதே என் வழக்கம். இதற்கு மேலேறாமலும் மூழ்காமலும் ஒரே மட்டத்தில் நிற்கும் மிதவைக் கட்டுப்பாடு கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலில் மாட்டிய ஃபின் கிளப்பும் மணலே படத்தைக் கெடுக்கும்.

லென்ஸுக்குப் பணம் கட்டுமுன் நீச்சல் குளத்தின் அடியில் ஒரு நாணயத்தைப் போடுங்கள். தரையைத் தொடாமல், அதற்கு ஒரு சாண் மேலே கேமராவை அசையாமல் பிடித்து மூன்று நிமிடம் மிதக்க முடிந்தால் கடைக்குப் போகலாம்.