பிள்ளைகளுக்கு மரத்துப்போகும் ஊசி: வலியைக் குறைக்க வழி உண்டு

சேலத்தில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்தாலும், ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தாலும் பெற்றோர் முதலில் கேட்பது, "ஊசி போடாம பண்ண முடியாதுங்களா டாக்டர்?" என்றுதான். சொத்தை ஆழமாக இறங்கியிருந்தால் முடியாது. ஆனால் அந்த ஊசியின் வலியை நிறையவே குறைக்கலாம்.

ஊசி குத்துவதைவிட, மருந்தை வேகமாக அழுத்துவதுதான் பல நேரம் அதிகம் வலிக்கும். ஒரு மில்லி மருந்து இறங்க ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். பிள்ளை அழும்போது அந்த ஒரு நிமிடம் ரொம்ப நீளம். சீக்கிரம் முடித்துவிடத்தான் கை பரபரக்கும். அப்போதுதான் நிதானம் வேண்டும்.

அதற்கு முன்பு ஈறைப் பஞ்சால் ஒற்றி, ஈரம் போனபின் மரக்கும் ஜெல் தடவி ஓரிரு நிமிடம் காத்திருக்கிறோம். எச்சிலோடு தடவினால் ஜெல் வழிந்து நாக்குக்குப் போய்விடும். பிள்ளை கசப்பில் முகம் சுளிக்கும், ஈறு மரக்காது. ஊசி நுழையும் நொடியில் உதட்டைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பேன். முட்டியில் அடிபட்டால் தேய்த்துவிடுகிறோமே, அதே கணக்குதான். தொடு உணர்வு வலியின் வழியை மறிக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-லேயே விளக்கினார்கள்.

மார்கழியில் ஏற்காட்டில் மருந்துக் குப்பி கையில் சில்லென்று இருக்கும். அதை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் வலி குறையும். மரப்பு நீடிக்க அட்ரினலின் கலந்த மருந்தில் அமிலத்தன்மை அதிகம், அதுவும் எரிச்சலுக்கு ஒரு காரணம்.

இனி பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டாதீர்கள். எங்கள் வேலையில் பாதி அந்தப் பயத்தை எடுப்பதிலேயே போய்விடுகிறது. "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்ல வேண்டாம். பொய் என்று தெரிந்தால் அடுத்த முறை வாயைத் திறக்காது. நான் சொல்வது இவ்வளவுதான்: "கண்ணு, பல்லைத் தூங்க வைக்கப் போறேன். கொஞ்சம் சுருக்குனு இருக்கும். நீ கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்." சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

"பால் பல்தானே, விழுந்துரும்" என்று தள்ளிப்போடுவது இன்னொரு சிக்கல். பின்பக்கப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. சீழ் பிடித்து கன்னம் வீங்கியபின் வந்தால், அந்த இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது. எவ்வளவு பக்குவமாகப் போட்டாலும் பிள்ளைக்கு வலி தெரியும். லேசாகக் கூசும்போதே கூட்டி வந்தால் ஊசியே தேவைப்படாமலும் போகலாம்.

அப்புறம், வீட்டுக்குப் போன பின்னும் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். வேடிக்கையாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மறுநாள் வெள்ளையாக வீங்கியதைப் பார்த்து, ஊசி சேரவில்லை என்று பயந்து ஓடி வருகிறார்கள். உணர்வு திரும்பும்வரை மென்று தின்னும் எதையும் தராமல், சூடாகவும் எதுவும் கொடுக்காமல், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.