சைகை பழகினால் பேச்சு வராதா?

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் முடிவோடு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "குழந்தை பேசுமா?" என்றுதான். அடுத்தது கொஞ்சம் தயங்கி வரும்: "சைகை மட்டும் பழக்கிடாதீங்க மேடம். அப்புறம் பேச்சே வராதுன்னு சொல்றாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் முதல் சில டாக்டர்கள் வரை இப்படிச் சொல்கிறார்கள். பேச்சுப் பயிற்சிதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சைகை மொழி பேச்சைத் தடுப்பதில்லை. மொழி காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும் மூளை அதை மொழியாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு மொழி ஊன்றிவிட்ட குழந்தைக்கு இன்னொன்றைக் கற்றுத்தர முடியும். எந்த மொழியும் இல்லாமல் ஐந்து, ஆறு வயதைத் தாண்டி வரும் குழந்தையிடம்தான் நாங்கள் திணறுகிறோம். பசித்தால் தட்டைக் காட்டத் தெரியும். ஊருக்குப் போன பாட்டி எப்போது வருவார் என்று கேட்க அதற்கு வழியே இருக்காது. 'நேற்று', 'நாளைக்கு', 'ஏன்' என்ற எதுவுமே அதற்குச் சொல்லித்தரப்படவில்லை. கோபத்தில் பொருட்களை எறியும்போது வீட்டில் அதைப் பிடிவாதம் என்கிறார்கள், சிலர் மூளை வளர்ச்சி போதவில்லை என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு, கேட்க உதவும் கருவியை உள்காதில் பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் இலவசமாகச் செய்கிறார்கள். பொருத்தமான குழந்தைக்குத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய மாதங்களிலும், அதன்பின் சத்தம் பேச்சாகப் புரிய ஆரம்பிக்கும் வரையிலும் அந்தக் குழந்தையோடு எதில் பேசுவீர்கள்? தூங்கும்போது வெளியே மாட்டும் மெஷினைக் கழற்றிவிடுவோம். கேபிள் பழுதானால் புதிது வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே பலன் கிடைப்பதுமில்லை.

சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயத்துக்கு வயது அதிகம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காதுகேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. அதற்குள் நூற்றிமுப்பது வருஷம் ஓடிவிட்டது. நம் ஊரிலும் சைகை செய்யாமலிருக்க வகுப்பில் கையைக் கட்டி உட்காரச் சொன்ன பள்ளிகள் உண்டு. பிள்ளைகள் ஹாஸ்டலில் அக்கா, அண்ணன்களிடம் சைகையைக் கற்றுக்கொண்டார்கள்.

இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. கேள்விச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். புருவத்தை உயர்த்துவதும் சுருக்குவதும்கூட இலக்கணம்தான். ஆண் என்று சொல்ல மீசையை, பெண் என்று சொல்ல மூக்குத்தியைச் சைகையில் காட்டுவார்கள். சென்னைக்கும் டெல்லிக்கும் சில சொற்கள் மாறும். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. அதன் வீடியோக்களை யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

வீடியோ பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். காதுகேளாத பெரியவர் ஒருவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான காதுகேளாத குழந்தைகள் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அந்த அப்பா அம்மா நெருங்கிப் பழகும் முதல் காதுகேளாதவரே அவர்களுடைய சொந்தப் பிள்ளையாக இருக்கும். வேலை, குடும்பம், சொந்தமாக பைக் என்று வாழும் ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால், என் கவுன்சிலிங்கில் தீராத பயம்கூடப் பாதி போய்விடுகிறது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காதுகேளாத வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்ற வழக்கு விசாரணையில் பங்கேற்றார். அந்தச் செய்தியையும் பெற்றோரிடம் காட்டுகிறேன்.

காதுகேளாதவர்களோடு பழகும்போது குழந்தைக்கு ஒரு சைகைப் பெயரும் கிடைக்கும். கன்னக்குழியோ, மச்சமோ, அடிக்கடி செய்யும் ஒரு சேட்டையோ, எது கண்ணில் படுகிறதோ அதை வைத்துக் கூப்பிடுவார்கள். தன்னைப் போன்றவர்கள் தனக்கு வைத்த பெயர் என்று பிள்ளைகள் அதைப் பெருமையோடு செய்துகாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பயிற்சிக்கு அம்மா மட்டும் வந்து கற்றுக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. சாப்பிடும்போது அப்பாவும் தாத்தாவும் பேசிச் சிரிப்பது என்னவென்று குழந்தைக்கு அம்மாதான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த முறை வரும்போது அவர்களையும் அழைத்து வாருங்கள்.