பிரமாணம்: தமிழில் அளவை

பிரமாணம் என்றால் சத்தியம் செய்வது என்றுதான் இன்று நினைக்கிறோம். பதவிப் பிரமாணம், பிரமாணப் பத்திரம் எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. தத்துவ நூல்களில் பொருள் வேறு: ஒன்றைச் சரியாக அறிவதற்கான வழி. வடமொழியில் ‘மா’ என்ற வேருக்கு அளத்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்தது பிரமாணம். தமிழில் இதற்குச் சரியான சொல் அளவை.

ஆதாரம், சான்று என்று பெயர்ப்பது பொருந்தாது. சான்று தராசில் வைக்கும் பொருள், அளவைதான் தராசு.

இது நேற்று ஆக்கிய சொல்லும் அல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில், அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். (அந்த வஞ்சி எங்கள் கரூர்தான் என்பது கொங்கு நாட்டார் பலரின் உறுதியான கட்சி.) 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் இரண்டே போதும் என்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார், எல்லா அளவைகளும் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (அறிந்ததைக் கொண்டு ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க நூலின் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்று சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் முடித்தார். கடவுளை ஏற்காத உலகாயதருக்குக் காண்டல் ஒன்றே.

அதனால் “சாமி இருக்குதுங்கறதுக்கு என்ன ஆதாரமுங்க?” என்று யாராவது கேட்டால், எந்த அளவையை ஏற்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணால் கண்டால்தான் ஒப்புவேன் என்பவருக்கு ஆகமத்தை எடுத்துச் சொல்லி என்ன பயன்?

காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். மண்ணாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். கோயிலில் வந்து சொன்னதும் அதை வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூப் போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், அடுத்த உத்தரவு வரும்வரை இருக்கும்.

கனவு கண்டவருக்கு அது காண்டல். மற்றவர்களுக்கு அவருடைய வாய்ச்சொல் மட்டுமே. நம்புகிறவர்களே ஒருவர் கனவைப் போதும் என்று விடுவதில்லை. இந்தக் கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் பூவின் விடையைச் சாமியின் விடையாகக் கொள்ள, சாமி உண்டு என்று முன்பே ஒப்பியிருக்க வேண்டும். இந்தக் கனவு உத்தரவுதானா என்பதைப் பூ சொல்லும். சாமி உண்டா என்பதைச் சொல்லாது.

நம்பாதவரிடம் பேசக் கருதல்தான் வழி. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, அழிகிறது. ஆகவே அதைத் தோற்றுவித்தவன் உண்டு. மெய்கண்டார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தைத் தொடங்குவதும் இந்தக் கருதலிலிருந்துதான்.