துரு காத்துக் கொடுத்த குதிரைக் கவசம்

"தோலும் நூலும் மட்கிப் போயிருக்குமே, அப்புறம் குதிரைக் கவசத்தின் இரும்புத் தகடுகளை எப்படிக் கோத்தார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பாதி கற்பனைதானே?" பழங்காலக் குதிரைப்படை பற்றிப் படித்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தென்கொரியாவின் கியோங்ஜூவில் கிடைத்த கவசத்தை வைத்தே விடை சொல்லிவிடலாம்.

பழைய கொரிய அரசுகளில் ஒன்றான சில்லாவின் தலைநகராக இருந்த ஊர் அது. அங்கே சோக்செம் பகுதியில் சி10 என்று எண்ணிட்ட கல்லறையை 2009இல் தோண்டினார்கள். மர அறையின் தரையில் குதிரைக் கவசம் ஒன்று முழுசாக விரித்துக் கிடந்தது. கழுத்து, மார்பு, உடல், பின்புறம் என்று எல்லாம் வரிசை கலையாமல் இருந்தன. அதன்மேல் வீரனின் கவசம். காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு. குதிரைக்கு மட்டுமே சுமார் 740 தகடுகள். இன்னொரு பழைய கொரிய அரசான கோகுர்யோவின் கல்லறைச் சுவர்களில் ஓவியமாகப் பார்த்த கவசக் குதிரை இங்கே பொருளாகவே கிடைத்துவிட்டது.

சரி, விரித்த நிலையில் கிடந்ததால் எந்தத் தகடு எங்கே என்பது தெரிந்தது. கோத்த விதத்தைச் சொல்வது துரு.

ஈர மண்ணில் இரும்பு அரிக்கும்போது அயனிகளாகக் கரைந்து கசியும். தகட்டை ஒட்டியிருக்கும் தோல் வாருக்குள் அது ஊறும். தோலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இரும்பு உப்பு மிகுந்த இடத்தில் பெருக முடியாமல் திணறும். அந்த அவகாசத்தில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து இழைகளின்மேல் படிந்து இறுகிவிடும். பிறகு இழையே இல்லாமல் போனாலும் வடிவம் நிற்கும். சென்ட்ரிங் பலகையைப் பிரித்த பிறகும் கான்கிரீட்டில் மரத்தின் வரி பதிந்திருக்குமே, அதேதான். ஆனால் இங்கே பதிவு அவ்வளவு நுணுக்கம். நன்றாகப் பதிந்த இடத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நூலை எந்தப் பக்கம் முறுக்கினார்கள் என்பதும் தெரியும். தோலின் மயிர்க்கால் துளைகளும் தெரியும். இரும்பைத் தின்ற வேதிவினையே தோலின் சாட்சியைக் காப்பாற்றித் தருகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

அதனால் துருவைக் கண்டதும் சுரண்டக் கூடாது. முதலில் எக்ஸ்ரே எடுத்தால் துருவுக்குள் மறைந்த துளைகள் தெரியும். ஒட்டிப்போன விளிம்புகளைப் பார்த்தால் எந்தத் தகடு மேலே, எது கீழே என்பது தெரியும். கியோங்ஜூ கவசத்தைப் பாதுகாக்கும் வேலைக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. 2020இல்தான் கண்காட்சிக்கு வந்தது. நம் ஆதிச்சநல்லூரிலும் தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிகளும் கிடைத்திருக்கின்றன. குழி தோண்ட ஒதுக்கும் பணத்துக்குச் சமமாக ஆய்வகத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுரண்டிப் பளபளப்பாக்கிய வாளின் பிடியில் என்ன சுற்றியிருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எடை மட்டும் தனிச் சிக்கல். துருப்பிடித்த தகட்டைத் தராசில் வைத்தால் பழைய எடை வராது. ஆக்சிஜனும் மண்ணும் கூடியிருக்கும், கசிந்துபோன இரும்பு குறைந்திருக்கும். ஆகவே நீளம், அகலம், தடிமன் பார்த்துப் புதுத் தகடுகளைச் செய்து, துரு காட்டிய அதே துளைகளில் வார் கோத்து, அப்புறம்தான் நிறுக்க வேண்டும். அதைக் குதிரைமேல் போட்டு நடக்கவிட்டால், கழுத்தைத் திருப்பும்போது எந்த வரிசை இடிக்கிறது, எந்த வார் இழுபடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.