டிக்கெட் எடுத்துட்டா ஷூட் பண்ணலாம்னு யாருங்க சொன்னது?

போன வாரம் மறுபடியும் ஒரு போன். பாரிஸ் பக்கத்துல இருக்கற வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துலேர்ந்து. ஊர்லேர்ந்து ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்குன்னே வந்த ஜோடி, கூட அவங்க போட்டோகிராபர் தம்பி, ஒரு அசிஸ்டென்ட், ரெண்டு லைட் ஸ்டாண்ட், சாஃப்ட் பாக்ஸ், ட்ரைபாட், அந்தப் பொண்ணு போட்டிருந்த கவுன் படிக்கட்டு முழுக்க பரந்து கெடந்துச்சாம். செக்யூரிட்டி வந்து அனுமதிக் கடிதம் எங்கன்னு கேட்டதும் தம்பி எடுத்துக் காட்டினது நாலு என்ட்ரி டிக்கெட். அவங்க சிரிச்சுட்டு எல்லாத்தையும் மடக்குங்கன்னு சொல்லிட்டாங்க. "அண்ணா, உங்களுக்கு ஃப்ரெஞ்சு தெரியுமே, நீங்க பேசிப் பாருங்களேன்"னு சொல்லிட்டு செக்யூரிட்டிகிட்ட போனக் குடுக்கறாங்க. பின்னாடி பொண்ணு அழற சத்தம் கேக்குது. நான் என்னத்தப் பேசறது? அந்த செக்யூரிட்டி அவர் வேலையத்தான் பாக்கறாரு.

நான் பாண்டிச்சேரிக்காரன், பாரிஸ்ல கேமராவ வெச்சுத்தான் பொழைக்கிறேன். சீசன் வந்தா இந்த மாதிரி போன் வராத வாரமே இல்ல. அதனால ஒரே தடவையா எழுதிடறேன், இனிமே கேக்கறவங்களுக்கு இந்த லிங்கத்தான் அனுப்பப் போறேன்.

முதல்ல ஒண்ணு. குடும்பத்தோட சுத்திப் பாக்க வர்றவங்க பயந்துக்காதீங்க, இது உங்களுக்கு இல்ல. கையில போனோ கேமராவோ வெச்சு உங்க ஞாபகத்துக்கு எடுக்கற படத்த எவனும் தடுக்க மாட்டான், வீட்டு ஆல்பம், வாட்ஸப் குரூப், உங்க சொந்த பேஸ்புக் எல்லாம் தாராளமாப் போடலாம். நான் பேசறது காசு வாங்கி எடுக்கறவங்களப் பத்தி, அந்தப் படத்த வெச்சு வியாபாரம் பண்றவங்களப் பத்தி, அப்புறம் "ஐரோப்பா பேக்கேஜ்"னு லட்சக்கணக்குல காசக் கட்டிட்டு போட்டோகிராபர் எல்லாம் பாத்துப்பாருன்னு நம்பி வர்ற ஜோடிகளப் பத்தி.

டிக்கெட்டுங்கறது உள்ள வந்து பாக்கறதுக்கு. கல்யாண மண்டபத்துக்கு பத்திரிகை வெச்சு கூப்பிட்டாங்கன்னு அங்க போய் நீங்க கேட்டரிங் கடை போட முடியுமா? அவ்வளவுதான் விஷயம். ஆனா இதச் சொன்னா உடனே ஒரு பதில் வரும் பாருங்க, அதக் கேட்டுக் கேட்டே எனக்கு பிரஷர் ஏறுது: "அண்ணா, எல்லாம் பழைய கட்டடம், கட்டுன ராஜா செத்து முந்நூறு வருஷம் ஆச்சு, இப்ப எவன் வந்து உரிமை கேப்பான்?"

கேப்பான். எப்படின்னு ஐஃபில் டவர வெச்சே சொல்றேன், பொறுமையாப் படிங்க.

கஸ்தாவ் ஐஃபில் செத்தது 1923ல. ஃப்ரான்ஸ்ல ஒரு படைப்போட காப்பிரைட், அதப் படைச்சவர் செத்து 70 வருஷம் வரைக்கும் ஓடும். 1923 கூட 70ன்னா 1993. அந்த வருஷத்தோட டவரோட வடிவம் எல்லாருக்கும் பொதுவாயிடுச்சு. பகல்ல எடுத்த டவர் படத்த காலண்டர் போடுங்க, டிஷர்ட்ல அடிங்க, காப்பிரைட்னு ஒருத்தரும் உங்களக் கேக்க முடியாது. சரியா? இப்ப ராத்திரிக்கு வருவோம். டவர் முழுக்க மஞ்சளா தகதகன்னு தெரியுதே அந்த லைட்டிங், அது ஐஃபில் போட்டது இல்ல. பியேர் பிதோன்னு ஒரு லைட்டிங் இன்ஜினியர் பண்ணது, 1985 டிசம்பர் 31ல முதல் தடவையா ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி வெளியிலேர்ந்து டவர் மேல லைட் அடிச்சுட்டு இருந்தாங்க, இவரு லைட்ட இரும்புச் சட்டத்துக்கு உள்ள கொண்டு போய் வெச்சாரு. மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் மினுக்குதே, அந்த 20,000 பல்பு 2000மாவது வருஷப் பிறப்புக்காக வந்தது. டவர் மேல போடற ஒளி அமைப்பும் ஒரு படைப்புதான்னு 1992லயே இங்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆக பகல்ல பொதுச் சொத்தா நிக்கற அதே டவர், சாயங்காலம் லைட் போட்ட நிமிஷத்துலேர்ந்து உரிமையுள்ள ஒரு படைப்பாயிடுது. நீங்க உங்க வீட்டுக்கு எடுத்தா பரவால்ல, டவர நடத்தற நிறுவனமே அவங்க வெப்சைட்ல அப்படித்தான் சொல்றாங்க. ஆனா தொழில் ரீதியா யூஸ் பண்ணணும்னா அவங்ககிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதுக்கு கட்டணமும் வரலாம். காசுக்குப் படம் விக்கற ஸ்டாக் போட்டோ சைட்டுல ராத்திரி ஐஃபில் டவர் படத்த ஏத்திட்டு "ஏன் ரிஜெக்ட் ஆச்சு, நாய்ஸ் (படத்துல புள்ளி புள்ளியா வர்ற கோளாறு) இருக்கா ப்ரோ"ன்னு எனக்கு மெசேஜ் பண்றவங்களுக்கும் இதான் பதில். நாய்ஸ் இல்ல ப்ரோ.

இதுலயும் ஒரு வாதம் வரும், "நான் விக்கலியே, என் ஸ்டுடியோ இன்ஸ்டா பேஜ்லதான் போட்டேன்". ஸ்டுடியோ பேஜ்ங்கறது உங்க கடைப் பலகை. புக்கிங்குக்கு டிஎம் பண்ணவும்னு கீழ எழுதிட்டு மேல போடற படம் வியாபாரம் இல்லாம வேற என்ன? 2016 அக்டோபர்ல ஃப்ரான்ஸ் ஒரு விலக்கு கொண்டு வந்தாங்க, பொதுத் தெருவுல நிரந்தரமா இருக்கற கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுக்கறதுக்கு. அதுல என்ன சொல்லியிருக்காங்கன்னா, தனி மனுஷங்க எடுத்தாத்தான் செல்லும், எந்த விதமான வியாபாரப் பயன்பாடும் கூடாது. ஜெர்மனில, ஆஸ்திரியால சட்டம் இவ்வளவு கெடுபிடி இல்ல, தெருவுலேர்ந்து தெரியற கட்டடத்த எடுத்து விக்கவே செய்யலாம். அதனால வியன்னால ஒண்ணும் ஆகலியேன்னு பாரிஸ்ல வந்து தெம்பா நிக்காதீங்க.

அடுத்தது பழைய இடத்துக்குள்ள நிக்கற புது சரக்கு. லூவ்ர் அரண்மனை பழசுதான், நடுவுல நிக்கற கண்ணாடிப் பிரமிட் 1989ல தொறந்தது. டிசைன் பண்ண ஐ.எம்.பெய் 2019லதான் காலமானாரு, எழுபது வருஷக் கணக்க நீங்களே போட்டுக்குங்க. பலே ரொயால்னு பாரிஸ்ல இன்னொரு அரண்மனை, அதோட முற்றத்துல கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட குட்டையும் நெட்டையுமா 260 தூண் இருக்கே, ஜோடிங்க ஏறி நின்னு போஸ் குடுக்கற இடம், அது டானியல் ப்யூரன்னு ஒருத்தர் 1986ல பண்ணது. அரண்மனை பதினேழாம் நூற்றாண்டு, தூண் நேத்து வந்தது.

ஆனா எல்லாத்துக்கும் நடுங்கவும் வேணாம். இதே ப்யூரன் லியோன் ஊர்ல ஒரு பெரிய சதுக்கத்தையும் டிசைன் பண்ணாரு, அந்த சதுக்கத்தப் போஸ்ட்கார்டு போட்டவங்க மேல கேஸ் போனப்ப 2005ல கோர்ட் போஸ்ட்கார்டு பக்கம்தான் நின்னுச்சு. படத்தோட விஷயம் மொத்த சதுக்கம், அந்தக் கலைப்படைப்பு அதுக்குள்ள கூட வர்ற ஒரு பகுதி, அவ்வளவுதான்னு. அதாவது தூரத்துல, நகரத்தோட கூரையெல்லாம் தெரியற மாதிரி எடுத்த ஃப்ரேம்ல ஒரு ஓரமாப் பிரமிட் வந்தா அது வேற. பிரமிட் முழு ஃப்ரேமையும் அடைச்சுக்கிட்டு முன்னாடி மாப்பிள்ளை பொண்ணத் தூக்கிட்டு நின்னா அது வேற. எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும், தெரியாத மாதிரி நடிக்காதீங்க.

சரி, புதுசா எதுவும் இல்லாத, சுத்தமான பழைய அரண்மனைன்னா? ஷாம்போர் கோட்டை கதை கேளுங்க. பதினாறாம் நூற்றாண்டுல முதலாம் ஃப்ரான்சுவா ராஜா கட்ட ஆரம்பிச்சது. 2010ல ஒரு பீர் கம்பெனி அந்தக் கோட்டைப் படத்த விளம்பரத்துல போட்டுச்சு, கோட்டை நிர்வாகம் காசு கேட்டாங்க, கேஸ் வருஷக் கணக்கா இழுத்து கடைசில 2018ல பீர் கம்பெனிதான் ஜெயிச்சுது. இதோட நிறுத்திட்டு "பாத்தீங்களா"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அவங்க பாதிக் கதையத்தான் படிச்சிருக்காங்க. கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே 2016ல சட்டத்த மாத்திட்டாங்க. தேசிய உடைமைன்னு லிஸ்ட் போட்ட இடங்களோட படத்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தணும்னா நிர்வாகத்தோட முன் அனுமதி வேணும். அந்த முதல் லிஸ்ட்லயே ஷாம்போர் இருக்கு, லூவ்ரும் துய்லரி தோட்டமும் இருக்கு. ராஜா செத்துட்டாரு, அரசாங்கம் உயிரோடதான் இருக்கு.

இங்க வந்து ஷூட் பண்ணணும்னா நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி என்ன லென்ஸ்ங்கறது இல்ல, இந்த இடம் யாரோடதுங்கறது. பாக்கறதுக்கு எல்லாமே ஒரே பாரிஸ் மாதிரி இருக்கும். துய்லரி தோட்டத்தப் பாத்துக்கறது லூவ்ர் மியூசியம். ஆத்தத் தாண்டி அந்தப் பக்கம் லக்சம்பர்க் தோட்டம் செனட்டோடது, ஆமா, நாடாளுமன்ற மேலவைதான். வெர்சாய்க்கு தனி நிர்வாகம். தெருவும் பாலமும் நகராட்சி. ஒருத்தர் குடுத்த கடிதம் இன்னொருத்தர்கிட்ட செல்லாது, துய்லரி பேப்பர எடுத்துட்டு லக்சம்பர்க்ல போய் காட்டி வாங்கிக் கட்டிக்கிட்டவங்களும் இருக்காங்க. பெரும்பாலும் எல்லா இடத்துக்கும் வெப்சைட்ல படப்பிடிப்புக்குன்னு ஒரு பக்கம் இருக்கும். எத்தன பேர், என்ன சாமான், எத்தன மணி நேரம், படம் எதுக்குன்னு உண்மையா எழுதுங்க. இன்சூரன்ஸ் பேப்பர் கேப்பாங்க, தயாரா வெச்சுக்கங்க. வாரக் கணக்குல ஆகும்ங்க, புதன்கிழமை மெயில் போட்டுட்டு வெள்ளிக்கிழமை ஷூட்டுன்னா நடக்காது. டூரிஸ்ட் விசால வந்து காசுக்கு வேலை செய்யலாமாங்கறது தனித் தலைவலி, அத விசா குடுக்கறவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, என்கிட்ட கேக்காதீங்க.

அனுமதி வாங்கிட்டு நேரத்தக் கோட்டை விடறவங்களும் இருக்காங்க, அது இன்னும் வயித்தெரிச்சல். வெர்சாய் அரண்மனையோட தோட்டத்துப் பக்கம் மேற்கு பாத்தது, ஊருக்குள்ளேர்ந்து நுழையற முற்றம் கிழக்கு. காலைல முற்றத்துல எடுங்க, மத்தியானத்துக்கு மேல தோட்டத்துப் பக்கம் வாங்க, தலைகீழாப் பண்ணா ரெண்டு பக்கமும் கட்டடம் இருட்டா நிக்கும். கண்ணாடி மண்டபமும் அப்படித்தான், 73 மீட்டர் நீளம், ஒரு பக்கம் 357 கண்ணாடி, எதிர்ப்பக்கம் ஜன்னல் எல்லாம் மேற்க பாத்து, மத்தியானத்துக்கு அப்புறம்தான் அந்த இடம் எந்திரிக்கும். ஐஃபில் டவருக்கு த்ரொகாதேரோ மேடை வடமேற்குல இருக்கு, குளிர்காலத்துல அங்கேர்ந்து விடியக்காலைல எடுத்தா சூரியன் டவருக்குப் பின்னாடிதான் வரும், முகம் எல்லாம் கறுப்பா இருக்குன்னு எடிட்டர் மேல எரிஞ்சு விழக்கூடாது. நோத்ர்தாம் சர்ச்சோட முகப்பு மேற்கு, சாயங்காலம் போங்க. ஜூன்ல சூரியன் மறைய ராத்திரி பத்து ஆயிடும், டிசம்பர்ல அஞ்சு மணிக்கு முன்னாடியே போயிடும், ஊர்ல உக்காந்து ஆறு மணி கோல்டன் ஹவர்னு (சூரியன் மறையறதுக்கு முன்னாடி வர்ற அந்தப் பொன் வெளிச்ச நேரம்) ஷெட்யூல் போடாதீங்க. லக்சம்பர்க்ல இருட்டறதுக்கு முன்னாடியே விசில் ஊதி எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க.

மிச்சத்த சுருக்கமா சொல்லிடறேன். பாரிஸ் மேல ட்ரோன் கூடாது, 250 கிராம் குட்டி ட்ரோனும் ட்ரோன்தான், அது பெட்டியிலயே இருக்கட்டும், அபராதம் மட்டும் இல்ல கேஸே வரும். வெர்சாய் அரண்மனைக்குள்ள ஃப்ளாஷ், ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் மூணும் கிடையாது. சக்ரே-கேர் சர்ச்சுக்குள்ள படமே எடுக்கக் கூடாது, பலகை வெச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி நின்னே எடுக்கறீங்க, அங்க உக்காந்து ப்ரே பண்றவங்கள கொஞ்சம் நினைங்க. லக்சம்பர்க் குளத்துல பசங்க பொம்மைப் படகு விடறது அழகாத்தான் இருக்கும், ஆனா அடுத்தவங்க குழந்தைய குளோஸப் எடுக்கறதுக்கு முன்னாடி அப்பா அம்மாவக் கேளுங்க, இங்க இத லேசா எடுத்துக்க மாட்டாங்க. த்ரொகாதேரோல விடியக்காலைல ஆள் இல்லாத நேரம் பாத்து ஷூட் பண்றது நல்ல ஐடியாதான், அது திருடங்களுக்கும் தெரியும். பேக்க தரையில வெச்சுட்டு பத்தடி தள்ளிப் போய் ஃப்ரேம் பாக்காதீங்க, அசிஸ்டென்ட் வேலையே அந்தப் பேக்கப் புடிச்சுட்டு நிக்கறதுதான், மெமரி கார்டு உங்க சட்டைப் பையில இருக்கணும்.

ஜோடிங்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க போட்டோகிராபர்கிட்ட இடத்துப் பேரு போட்ட அனுமதிக் கடிதத்தக் காட்டச் சொல்லுங்க. "அதெல்லாம் அங்க போய் பாத்துக்கலாம்"னு சொன்னாருன்னா, அந்தக் காசுக்கு நீங்க ரெண்டு பேரும் போனை எடுத்துக்கிட்டு ஜாலியா சுத்திட்டு வாங்க, ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டாங்க, நல்லாவும் இருக்கும். ஆங், திங்கக்கிழமை வெர்சாய் அரண்மனை லீவு, லூவ்ருக்கு செவ்வாக்கிழமை, ஃப்ளைட் டிக்கெட் போடறப்பயே பாத்துக்கங்க.